சூட்டுச் செலவு

மார்கழி இருபது. பெரியபட்டினம். காலை ஆறே முக்கால்.
ஐஸ் கம்பெனிச் சுவரோரம்தான் டவர் கிடைக்கும்,
அங்கேதான் என் ஸ்டூல்.
எட்டரைக்கு மேல் சர்வர் படுத்துவிடும்
என்பதால் இத்தனை சீக்கிரம்.
மடியில் விரல் படிக்கும் பெட்டி,
பையில் பணம், பெட்டியைத் துடைக்க ஒரு மஞ்சள் துணி.

வாடை நேராகக் கடலிலிருந்து வருகிறது,
கேட்காமலே எல்லோருக்கும் முக்காடு போட்டுவிடுகிறது.
பதினேழு பேர் வரிசையில்.
ஆளுக்கு ஆயிரத்து இருநூறு,
அரசு அனுப்பியாகிவிட்டது,
விரல் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

நம்புத்தாய் வைத்தாள். சிவப்பு.
ஊதி வைத்தாள். சிவப்பு.
தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைத்தாள்.
மீண்டும் முயற்சிக்கவும் என்றது பெட்டி.
முப்பது வருஷம் பாறையில் பாசி பறித்தவள்
பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்:
"என் ரேகையெல்லாம் தீவுல கிடக்கு,
படகு பிடிச்சுப் போய்ப் பாத்துக்க."

சீனி உதுமானுக்கும் சிவப்புதான்.
சங்கு குளித்தவர்.
எட்டுப் பாகத்துக்குக் கீழே இதைவிடக் குளிரும்,
அங்கே எவனும் விரல் கேட்கவில்லை
என்று முணுமுணுத்துக்கொண்டே
ஜவாஹிர் கடையில் ஒரு டீ வாங்கினார்.
குடிக்கவில்லை.
கண்ணாடி கிளாசை இரண்டு கையாலும் பொத்தி
கோழிமுட்டையை அடைகாப்பதுபோல் நின்றார்.
அப்புறம் வந்து வைத்தார்.

பச்சை.

வரிசை ஒரு நிமிஷம் பேசவில்லை.
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில்
ஜவாஹிர் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள்,
அதன் பிறகு என்னை.

கையில் காசு வந்தால்தானே டீ வாங்குவார்கள்?
டீ வந்தால்தானே காசு வரும்?
நான்தான் சொன்னேன், ஒன்பது டீ.
பன்னிரண்டு ஒன்பது நூற்றெட்டு.
ஆளுக்கு ஆறு ரூபாய் எனக்குக் கமிஷன்,
பதினேழு ஆறு நூற்றிரண்டு.
அன்றைக்கு நான் ஆறு ரூபாய் கொடுத்து வேலை பார்த்தேன்.

மாதக் கடைசியில் ராமநாதபுரம் கிளைக்குப் போய்
படிவத்தில் எழுதினேன்.
பயணம். தாள் சுருள். பேட்டரி.
இதர என்ற கட்டத்தில்:
சூட்டுச் செலவு, 108.

மேலாளர் கோத்தகிரிக்காரர்,
வந்து நாலு மாசம்.
"தண்ணியில்லாக் காட்டுக்குத் தள்ளிட்டாங்கன்னு
நானே வெந்து கிடக்கேன்,
இங்க எதுக்கும்மா சூடு?"
சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை.
"லண்டன்ல என் அத்தைக்கு
குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்க
கவர்மெண்டே காசு தருது தெரியுமா?
அது குளிர். அது செலவு."
சிவப்புப் பேனா என் கட்டத்தின் மேல் படுத்துக்கொண்டது.

சார், இது அதுக்கு முந்தின செலவு
என்று சொல்ல நினைத்தேன்.
வரும் வழியில், பஸ்ஸில்தான் நினைத்தேன்.

தை பிறந்தும் வாடை போகவில்லை.
ஆனால் இந்த முறை அவர்கள்
என்னை நம்பி வரவில்லை.
ஊருக்கு மேற்கே கருவை வெட்டிப் புதைத்த கரிமூட்டம்
மூன்று நாளாகப் புகைந்துகொண்டிருந்தது.
எங்கள் ஊர் வெப்பமெல்லாம் அப்படித்தான்,
கரியாகி மூட்டையேறி
யாரோ சாப்பிடும் ஓட்டலுக்குப் போகும்.
போவதற்குள் பதினொரு பேர்
அதன் முதுகில் கைவைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

விரலெல்லாம் கொதிக்கிறது.
விரலெல்லாம் கரி.
வைத்தால், சிவப்பு.

நம்புத்தாய் சிரித்த சிரிப்பில்
ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் வெளியே வந்து பார்த்தான்.

மஞ்சள் துணியை நீட்டினேன்.
ஒவ்வொருவராக ஒற்றி எடுத்தார்கள்,
சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து வைத்தார்கள்.
பச்சை, பச்சை, ஒரு சிவப்பு, பச்சை.

வீட்டுக்கு வந்து துணியை விரித்தால்
பதினொரு கட்டைவிரல்.
சுழியும் வளைவும்
கரியில் அச்சடித்ததுபோல் இருக்கின்றன.
ஒன்று மட்டும் வழவழவென்று, ஒரு கோடும் இல்லாமல்.

துவைக்கவில்லை.
இந்த மாதப் படிவத்தோடு
இதைக் குண்டூசி குத்தி இணைக்கலாமா,
எந்தக் கட்டத்தில்.